மூளையின் அலைகளைக் கண்டவர்

மனத்தை எவ்வாறு அடக்குவது? பாரதத்தில் மிகப் பழைமையான கேள்வி இது. குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனன் கண்ணனிடம் எழுப்பிய ஐயமும் இதுவே. இதற்கு விடையாக நம் முன்னோர் தியானத்தை வகுத்தனர், மௌனத்தைப் போற்றினர், தலைமுறை தலைமுறையாகச் சாதகர்கள் அந்த வழியில் நடந்து, அதன் பயனைத் தங்கள் வாழ்க்கையில் கண்டனர். ஆனால் ஒருவர் கண்களை மூடி அசையாமல் அமர்ந்திருக்கும்போது அவரது மூளையில் என்ன நிகழ்கிறது என்பதை அருகில் இருப்பவர் அறிய வழியில்லாமல் இருந்தது. அந்த வழியை 20-ஆம் நூற்றாண்டில் திறந்து வைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். இன்று மருத்துவமனைகளில் வலிப்பு நோயாளிகளுக்கு எடுக்கப்படும் இ.இ.ஜி. எனும் மூளை மின்னலை வரைவு அவர் உலகுக்குத் தந்த கொடை. அவரது பொறுமையிலிருந்து கற்க வேண்டியது நிறைய உண்டு. அவரது வீழ்ச்சியிலிருந்து கற்க வேண்டியதும் உண்டு.

கவிஞரின் பேரன்

ஹான்ஸ் பெர்கர் 1873-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள், ஜெர்மனியில் கோபர்க் நகருக்கு அருகிலுள்ள நோய்ஸஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை மருத்துவர். தாய் அன்னா, ஜெர்மானியக் கவிஞரும் கீழை மொழிப் பேரறிஞருமான ஃப்ரீட்ரிக் ரூக்கர்ட்டின் மகள்.

இந்த ரூக்கர்ட் நமக்கு அந்நியர் அல்லர். நளன் தமயந்தி கதையையும் ஜயதேவரின் கீத கோவிந்தத்தையும் வடமொழியிலிருந்து ஜெர்மன் மொழிக்குக் கொண்டு சென்றவர் அவர். தமிழும் பயின்று, திருக்குறளின் சில பகுதிகளையும் மொழிபெயர்த்தார். பேரன் பிறப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். ஆயினும் அந்த வீட்டில் புலமைக்கு இருந்த மதிப்பு மறையவில்லை. தந்தையிடமிருந்து மருத்துவத்தையும் தாய்வழியிலிருந்து தத்துவ நாட்டத்தையும் பெர்கர் பெற்றார். கணக்கும் வானியலும் அவரை முதலில் ஈர்த்தன. விண்மீன்களை ஆராயும் ஆசையோடு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் ஒரு பருவத்திலேயே படிப்பை விட்டு, ஓராண்டுப் பணிக்காகக் குதிரைப் படையில் சேர்ந்தார்.

வாழ்வைத் திருப்பிய தந்தி

1890-களின் முற்பகுதியில் ஒரு நாள் காலை, படைப் பயிற்சியின்போது அவரது குதிரை மிரண்டு முன்னங்கால்களைத் தூக்கியது. பெர்கர் கீழே விழுந்தார். விழுந்த இடமோ, குதிரைகள் பூட்டிய பீரங்கி வண்டி வந்துகொண்டிருந்த பாதை. சக்கரம் அவர்மேல் ஏறவிருந்த கடைசி நொடியில் வண்டி நின்றது. உடலில் பெரிய காயமில்லை. உள்ளம் மட்டும் நடுங்கிப் போயிற்று.

அன்று மாலையே அவர் நலமாக இருக்கிறாரா என வினவித் தந்தையிடமிருந்து ஒரு தந்தி வந்தது. அதற்கு முன் தந்தை அவருக்குத் தந்தி அனுப்பியதே இல்லை. தொலைவில் வீட்டில் இருந்த மூத்த சகோதரி, தம்பிக்கு ஏதோ ஆபத்து நேர்ந்துவிட்டது என்று காரணமின்றிக் கலங்கி, தந்தையை வற்புறுத்தி அந்தத் தந்தியை அனுப்பச் செய்திருந்தார்.

இது தற்செயலாக நடந்ததாகவும் இருக்கலாம். பெர்கர் அப்படி எண்ணவில்லை. மரண பயத்தில் தம் மனத்திலிருந்து ஏதோ ஓர் ஆற்றல் வெளிப்பட்டுச் சகோதரியின் மனத்தைச் சென்றடைந்தது என்று அவர் நம்பினார். அப்படியானால் அந்த ஆற்றல் எது? அதை அளக்க முடியுமா? இந்தக் கேள்வி அவரை விண்மீன்களிடமிருந்து பிரித்து, மருத்துவத்துக்கும் மனநல ஆய்வுக்கும் இழுத்து வந்தது.

1897-ல் ஜெனா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, அங்கேயே ஆட்டோ பின்ஸ்வாங்கர் நடத்திய மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். இதற்கு முந்தைய ஆண்டில், 1896-ல், சுவாமி விவேகானந்தரின் ராஜயோகம் நூலாக வெளிவந்தது. அதே ஆண்டில் சுவாமிஜி ஜெர்மனிக்கு வந்து, கீல் நகரில் வேதாந்த அறிஞர் பால் டாய்சனைச் சந்தித்தார். பெர்கர் சுவாமிஜியைச் சந்தித்ததில்லை. எனினும் மனத்தை ஆராய வேண்டும் என்ற அதே நாட்டம் இரு திசைகளிலிருந்தும் அந்நாளில் புறப்பட்டிருந்தது. சுவாமிஜி மனத்தை மனத்தாலேயே ஆராயும் முறையை உலகுக்கு விளக்கினார். பெர்கர் அதைக் கருவியால் ஆராய முற்பட்டார்.

தோல்விகளின் ஆண்டுகள்

அடுத்த சுமார் கால் நூற்றாண்டுக் காலம் பெர்கர் கண்டது பெரும்பாலும் தோல்வியே. மூளையில் எரியும் சக்தியின் ஒரு பகுதி வெப்பமாகவும், ஒரு பகுதி மின்சாரமாகவும், எஞ்சியது மன ஆற்றலாகவும் மாறுகிறது என்பது அவரது கருத்து. முதல் இரண்டையும் அளந்துவிட்டால் மூன்றாவதைக் கணக்கிட்டுவிடலாம் என்று அவர் எண்ணினார்.

முதலில் மூளையின் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். தலையோட்டின் ஒரு பகுதி நீக்கப்பட்ட நோயாளிகளிடம், மகிழ்ச்சி, அச்சம், கவனம் போன்ற நிலைகளில் மூளையின் துடிப்பு எப்படி மாறுகிறது எனக் குறித்தார். பிறகு மூளையின் வெப்பத்தை அளந்தார். 1910-ல் அதைப் பற்றி நூலும் எழுதினார். மன ஆற்றலின் கணக்கு கைக்கு வரவில்லை.

மின்சாரத்தின் வழியும் எளிதாக இல்லை. ஆங்கில மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன் 1875-லேயே முயல்களின் மூளையிலும் குரங்குகளின் மூளையிலும் மெல்லிய மின்னோட்டம் இருப்பதைக் கண்டறிந்திருந்தார். அதைப் பின்பற்றிப் பெர்கர் நாய்களிடம் பலமுறை முயன்றார். உறுதியான பலன் கிட்டவில்லை. 1910 வாக்கில் அம்முயற்சியைக் கைவிட்டார்.

1911-ல் திருமணம். பிறகு முதல் உலகப் போர்; மேற்குப் போர்முனையில் படை மருத்துவராகப் பணி. 1919-ல் பின்ஸ்வாங்கருக்குப் பின் மருத்துவமனையின் தலைவரானார். உடன் பணியாற்றியவர்களின் பார்வையில் அவர் கண்டிப்பானவர். கூச்ச சுபாவம் கொண்டவர். கடிகாரம் போல நாளை வகுத்து வாழ்பவர். பகலில் நிர்வாகமும் நோயாளிகளும். மாலையில் தனி அறையில் ஆய்வு. அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பது மருத்துவமனையில் பலருக்குத் தெரியாது. தோற்றால் நகைப்பார்கள் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. எதைத் தேடித் தொடங்கினாரோ அதை வெளியே சொல்லவும் அவர் துணியவில்லை.

மனிதமூளையின் முதல் வரைவு

1924-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள். அறுவைச் சிகிச்சையால் தலையோட்டில் திறப்பு ஏற்பட்டிருந்த 17 வயது இளைஞன் ஒருவனிடம் பெர்கர் மின்முனைகளைப் பொருத்தினார். கம்பிகள் கால்வனோமானியுடன் இணைக்கப்பட்டன. அதன் நுண்ணிய இழை மெல்ல அசைந்தது. மனித மூளையிலிருந்து எழுந்த மின்னலை முதன்முதலாகப் பதிவாயிற்று. பெர்கருக்கு அப்போது வயது 51.

வேறொருவராக இருந்தால் மறுமாதமே அறிவித்திருப்பார். பெர்கர் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தார். அந்த அசைவு இதயத்துடிப்பிலிருந்து வருகிறதா, தலையின் இரத்தக் குழாய்களிலிருந்து வருகிறதா, தசை அசைவிலிருந்து வருகிறதா, கருவியின் குறையா என ஒவ்வோர் ஐயமாக எடுத்துச் சோதித்து நீக்கினார். தலையோட்டில் திறப்பு இல்லாதவர்களிடமும் அலை கிடைக்கிறதா என்று பார்த்தார். தம் மகன் கிளவுஸையே பலமுறை அமர்த்திப் பதிவு செய்தார். ஐயங்கள் தீர்ந்த பின்னரே, 1929-ல், மனிதரின் மூளை மின்னலை வரைவு பற்றிய முதல் கட்டுரையை வெளியிட்டார். 1938 வரை அந்த வரிசையில் 14 கட்டுரைகள் வெளிவந்தன.

கண்ணை மூடும்போது எழும் அலை

அவர் கண்டது என்ன? ஒருவர் விழித்த நிலையில், கண்களை மூடி, அமைதியாகத் தளர்ந்திருக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 10 முறை ஏறி இறங்கும் சீரான அலை ஒன்று எழுந்தது. இதற்கு அவர் கிரேக்க நெடுங்கணக்கின் முதல் எழுத்தைக் கொண்டு ஆல்ஃபா எனப் பெயரிட்டார். கண்ணைத் திறந்தாலோ, தோலைத் தொட்டாலோ, மனக்கணக்குப் போடச் சொன்னாலோ அந்தச் சீரான அலை மறைந்து, சிறிய, விரைவான அலைகள் அதன் இடத்தைப் பிடித்தன. இவற்றைப் பீட்டா என்றார்.

இதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கூட்டத்தில் ஒவ்வொருவரும் தத்தம் செய்தியைத் தனித்தனியே பேசினால் வெளியே கேட்பது தெளிவில்லாத இரைச்சல்தான். அதே கூட்டம் ஒரே தாளத்தில் பஜனை பாடினால் தெருமுனை வரை கேட்கும். மூளையின் மேற்புறணியில் உள்ள நரம்பணு ஒவ்வொன்றின் மின்மாற்றமும் மிக நுண்ணியது. பல்லாயிரம் அணுக்கள் ஒருசேர ஏறி இறங்கும்போதுதான் அது தலையோட்டைக் கடந்து தோல்வரை வந்து சேர்கிறது. அப்போதும் அதன் அளவு ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகளே. புலன்கள் ஓய்ந்திருக்கையில் அணுக்கள் ஒருசேர இயங்குகின்றன, அலை பெரிதாகிறது. கவனம் ஒன்றின்மேல் பாயும்போது அவை தத்தம் வேலைக்குப் பிரிந்துவிடுகின்றன, அலை சிதறுகிறது.

இதிலிருந்து பெர்கர் உணர்ந்த உண்மை முக்கியமானது. வெளியே ஒரு செயலும் இல்லாதபோதும் மூளை வெறுமனே கிடப்பதில்லை. ஓய்வுக்கும் அதற்கென ஓர் இயக்கம் உண்டு. சும்மா இருப்பது ஒரு நிலையே அன்றி வெறுமை அல்ல என்பதைத் தமிழ்நாட்டின் சித்தர் மரபு என்றோ அறிந்திருந்தது. மூளையின் வழியாக அதற்கு இணையான ஒரு சுவட்டை மேலைநாட்டு மருத்துவர் தாளில் கண்டார்.

புறக்கணிப்பும் புகழும்

கட்டுரைகள் வெளிவந்தும் அறிவியல் உலகம் அசையவில்லை. சிக்கலான மூளையிலிருந்து இத்தனை எளிய, சீரான அலை வருமா என்று பலர் ஐயுற்றனர். மின்னியலில் முறையான பயிற்சி இல்லாத, எங்கோ ஒரு சிறுநகரத்து மனநல மருத்துவரின் கூற்றாகவே அது தள்ளப்பட்டது.

1934-ல் நிலை மாறியது. நரம்பியல் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றிருந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் எட்கர் ஏட்ரியன், மாத்யூஸ் என்பவருடன் சேர்ந்து அந்தச் சோதனையைத் தாமே செய்து பார்த்தார். ஏட்ரியன் கண்ணை மூடியதும் அலை எழுந்தது, திறந்ததும் மறைந்தது. பெர்கர் கண்டது உண்மையே என அவர்கள் அறிவித்து, அந்த அலைக்குப் பெர்கரின் பெயரையே சூட்டினர். அது முழு மூளையிலிருந்தும் வருவதாகப் பெர்கர் கருதியதை மட்டும் அவர்கள் திருத்தினர். பெரும்பாலும் பார்வைக்குரிய பின்மூளைப் பகுதியில்தான் அது எழுகிறது என்று காட்டினர். சில ஆண்டுகளிலேயே வலிப்பு நோயை அறியவும் மூளைக் கட்டிகளைத் தேடவும் உலகெங்கும் இ.இ.ஜி. பயன்படத் தொடங்கியது.

ஆனால் பெர்கர் தேடிய மன ஆற்றல்? அது கிடைக்கவே இல்லை. மூளையின் மின்சாரம் தலையிலிருந்து சிறு தொலைவு கூட வெளியே பரவ இயலாத அளவு மெலிந்தது. சகோதரியின் மனத்துக்குச் செய்தி கொண்டு சென்றது அதுவாக இருக்க முடியாது என்பதை அவரே உணர்ந்தார். 1940-ல் வெளியிட்ட சிறு நூலில்தான் தம் இளமைக்கால விபத்தையும் அந்தத் தந்தியையும் வெளிப்படையாக எழுதினார்.

இருண்ட பக்கம்

பெர்கரின் வாழ்க்கையை இத்துடன் நிறுத்திவிட்டால் அது விடாமுயற்சிக்கு ஓர் எடுத்துக்காட்டாக மட்டும் அமைந்துவிடும். உண்மை அவ்வளவு எளிதாக இல்லை.

1933-ல் ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். அதே ஆண்டு ஜூலையில், மனநோயாளிகளையும் வலிப்பு நோயாளிகளையும் பரம்பரைக் குறை உடையவர்கள் எனக் கருதியோரையும் கட்டாயமாகக் கருத்தடை செய்ய ஒரு சட்டம் இயற்றினர். யாருக்கு அதைச் செய்வது எனத் தீர்ப்பளிக்கத் தனி நீதிமன்றங்கள் அமைந்தன. அவற்றில் மருத்துவர்களும் அமர்ந்தனர். அந்த ஆட்சியில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் இக்கொடுமைக்கு ஆளாயினர். ஜெனாவில் இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பளித்தவர்களில் ஹான்ஸ் பெர்கரும் ஒருவர். நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்புக்கு ஆதரவு உறுப்பினராகவும் இருந்தார்.

போருக்குப் பின் பல ஆண்டுகள் வரை, பெர்கர் நாஜிகளால் துன்புறுத்தப்பட்டுப் பதவியிலிருந்து அகற்றப்பட்டவர் என்றே வரலாறுகள் எழுதப்பட்டன. பிற்காலத்தில் ஆவணங்கள் ஆராயப்பட்டபோது அது பொய் எனத் தெரிந்தது. அவர் 1938-ல் ஓய்வு பெறும் வயதில் ஓய்வு பெற்றவர். 1941-ன் தொடக்கத்தில், அதே நீதிமன்றத்தில் மீண்டும் அமர அழைப்பு வந்தபோது மகிழ்ச்சியோடு இசைவு தெரிவித்துக் கடிதமும் எழுதினார்.

எந்த நோயாளிகளின் துயரைத் தணிக்க அவரது கருவி இன்று உதவுகிறதோ, அதே நோயாளிகளுக்கு எதிரான தீர்ப்புகளில் அவர் பங்குகொண்டார் என்பது நெஞ்சை உறுத்தும் உண்மை.

ஓய்வுக்குப் பின் உடல்நலம் குன்றியது. கடுமையான மனச்சோர்வு அவரை வாட்டியது. 1941 ஜூன் 1-ஆம் நாள், ஜெனாவில், தம் 68-ஆம் வயதில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

தியானிகளின் மூளை

பெர்கர் மறைந்த பின் அவரது கருவி இந்தியாவுக்கு வந்தது. 1950-களில் தாஸ், காஸ்டோ என்ற இருவர், யோக சாதகர்கள் தியானிக்கும்போது பதிவுகள் எடுத்து 1957-ல் வெளியிட்டனர். ஆழ்ந்த தியானத்தில் ஆல்ஃபாவை விட விரைவான அலைகள் மிகுவதாக அவர்கள் கண்டனர். உடல் அசையவில்லை; உள்ளே விழிப்பு மட்டும் கூர்மையாக இருந்தது.

டில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் ஆகியோர் நடத்திய ஆய்வு 1961-ல் வெளிவந்தது. பளிச்சென்ற ஒளி, உரத்த ஓசை, சூடான கண்ணாடிக் குழாயின் தொடுதல் முதலியவற்றால் யோகிகளைச் சோதித்தனர். தியானத்துக்கு முன் இவை ஒவ்வொன்றும் ஆல்ஃபா அலையைக் கலைத்தன. தியானத்தில் ஆழ்ந்தபின் ஒன்றும் கலைக்கவில்லை. வேறு இரண்டு யோகிகள் பனிநீரில் 45 நிமிடங்களுக்கும் மேலாகக் கையை வைத்திருந்தும் அவர்களது ஆல்ஃபா அலை நீடித்தது.

1966-ல் ஜப்பானில் கசமட்சு, ஹிராய் ஆகிய இருவரும் ஜென் துறவிகளிடம் கண்டது வேறு விதம். ஓசை திரும்பத் திரும்ப எழுந்தால் சாதாரண மனிதரின் மூளை பழகிப்போய் அதைப் பொருட்படுத்தாது. அனுபவம் முதிர்ந்த ஜென் துறவிகளின் மூளையோ, ஒவ்வோர் ஓசையையும் முதல் ஓசை போலவே ஏற்று, உடனே அமைதிக்குத் திரும்பியது. ஒன்று புலன்களை உள்ளிழுத்துக்கொள்ளும் தியானம். மற்றொன்று வருவதை எல்லாம் பற்றின்றி நோக்கும் தியானம். சாதனையின் வேறுபாடு அலையிலும் தெரிந்தது. 2004-ல், 10,000 மணி நேரத்துக்கும் மேல் தியானம் பழகிய திபெத்திய பௌத்த சாதகர்களிடம், காமா எனப்படும் மிக விரைவான அலைகள் வலுவாக எழுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்தனர்.

இவற்றை அளவறிந்து ஏற்க வேண்டும். இந்த ஆய்வுகளில் பங்கேற்றோர் பெரும்பாலும் சிலரே. ஆல்ஃபா அலையோ யார் கண்ணை மூடினாலும் எழுவது. அது எழுந்ததாலேயே ஒருவர் தியானத்தில் இருக்கிறார் எனக் கொள்ள முடியாது. சில வாரத் தியானத்தில் மூளையின் அமைப்பே மாறிவிடும் என்று சொல்லப்பட்டு வந்தது. 200-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு எட்டு வாரப் பயிற்சியைச் சோதித்த ஆய்வு ஒன்று 2022-ல் வெளிவந்தது. அதில் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. நெடுங்காலச் சாதனைக்கு மாற்று இல்லை என்பதையே இது நினைவூட்டுகிறது.

கருவி காட்டாதது

பெர்கரின் வாழ்க்கை சாதகருக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. தோல்விக்குப் பின் தோல்வியாக வந்தும் தேடலை விடாமை. கிடைத்த பின்னும் ஐந்தாண்டு காத்திருந்து தம்மையே ஐயுற்று ஆராயும் நேர்மை. இவை ஆன்மிகத் தேடலுக்கும் இன்றியமையாத குணங்கள். இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் இன்னும் ஆழமானது. அமைதியில் மூளை எழுப்பும் அலையை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்தவர் அவர். ஆயினும் அந்த அலையை அறிந்தது அவருக்கு அமைதியைத் தரவில்லை. தவறான தீர்ப்பில் கையொப்பமிடாமல் அவரைத் தடுக்கவும் இல்லை. அலை மூளையில் எழுவது. விவேகமோ வாழ்க்கையில் வளர்க்கப்பட வேண்டியது.

பதஞ்சலி முனிவர் யோகத்துக்கு எட்டு அங்கங்கள் வகுத்தார். அவற்றில் தியானம் ஏழாவது. முதல் அங்கம் யமம். யமத்திலும் முதலாவது அஹிம்சை. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பிற உயிருக்குத் தீங்கிழைக்காத நெஞ்சத்தின்மீது எழும் அமைதியே நிலைக்கும். அடித்தளம் இல்லாமல் ஏழாம் மாடியைக் கட்ட முயல்வோர் கண்ணை மூடி அமரலாம். கருவியில் அலையும் அழகாக எழலாம். ஆனால் எழுந்து தெருவில் இறங்கியதும் அந்த அமைதி அவர்களைக் காப்பதில்லை.

தியானத்தில் நம் மூளை எப்படி இயங்குகிறது என்பதை இன்று கருவிகள் சொல்கின்றன. தியானத்திலிருந்து எழுந்த பின் நாம் எப்படி இயங்குகிறோம் என்பதை வீட்டிலும் பணியிடத்திலும் நம்மோடு வாழ்பவர்கள் அறிவார்கள். சாதனையின் உண்மையான அளவுகோல் அதுவே.